பூண்டு பச்சையானால் பயமா?

காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தேன். கைப்பேசியில் அம்மா.

"போன வாரம் வினிகர்ல ஊறப்போட்ட பூண்டு நீலமும் பச்சையுமா மாறிடுச்சு. தூக்கிப் போட்டுடவா கண்ணு?"

"வேணாம்மா. அது பூஞ்சணம் இல்ல."

பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் ஊறும்போது அதிலேயே இருக்கும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து இந்த நிறத்தைத் தருகின்றன. குளிரில் நாள்பட இருந்த பூண்டு என்றால் இன்னும் எளிதாக மாறும். வினிகர் போதிய அளவு இருந்தால், தாராளமாகச் சாப்பிடலாம். வட சீனாவில் சீனப் புத்தாண்டை ஒட்டிச் செய்யும் 'லாபா' பூண்டு பச்சையானால்தான் அழகு! மேலே பஞ்சுபோலப் படர்ந்தாலோ, வாடை மாறினாலோ மட்டும் வீசிவிடுங்கள்.

அம்மாவுக்கு நிம்மதி. எனக்குத்தான் வேறொன்று உறுத்தியது.

"அடுப்புப் பக்கத்துல எண்ணெயில பூண்டு போட்டு வச்சிருக்கீங்களே, எத்தனை நாளாச்சு?"

"ரெண்டு மாசம். நிறமே மாறல, தெரியுமா!"

ஆபத்து அங்கேதான். புளிப்பு சேராத பூண்டு எண்ணெய்க்குள் காற்றில்லாமல், அறை வெப்பத்தில் கிடந்தால் போட்டுலிசம் நச்சு உருவாகலாம். நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. நிறமோ மணமோ காட்டிக்கொடுக்காது. 1985இல் கனடாவின் வான்கூவரில், ஓர் உணவகத்தில் பயன்படுத்திய எண்ணெய்ப் பூண்டால் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். வீட்டில் செய்தால் உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். 4 நாளில் தீர்த்துவிடுங்கள்.

அன்று குப்பைக்குப் போனது நிறம் மாறாத போத்தல். நிறம் மாறியது, மதியம் தயிர்ச் சோற்றுக்குத் துணையானது.