கொமெண்ட்டை அழித்தால் குறை அழியுமா?

மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைப் பக்கம் நம்மட பிள்ளைகள் பலர் பேஸ்புக்கில் வியாபாரம் தொடங்கியிருக்கிறார்கள். மாஷா அல்லாஹ். ஆனால் ஒருவர் "சாரன் சாயம் போகுது" என்று கொமெண்ட் போட்டால் உடனே அழிக்கிறார்கள், ஆளையும் ப்ளொக் பண்ணுகிறார்கள். அவர் சும்மா இருப்பாரா? வட்ஸ்அப்பில் ஊருக்கே சொல்லுவார்.

2010இல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் ஃப்ரெஷ்டெஸ்க் நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே, பெரிய போட்டி நிறுவனமான சென்டெஸ்கின் தலைவர் ட்விட்டரில் அதைக் காப்பி என்று ஏசினார். கிரீஷ் ஒளியவில்லை. "காப்பியா, இல்லையா?" என்ற கருத்தில் பெயர் வைத்து ஓர் இணையத்தளமே திறந்தார். ஏச்சையும் தன் பதிலையும் அதில் போட்டு, தீர்ப்பை வாசிப்பவர்களிடம் விட்டார். அந்த நிறுவனம்தான் ஃப்ரெஷ்வேர்க்ஸ் என்ற பெயரில் 2021இல் அமெரிக்காவின் நஸ்டாக் பங்குச்சந்தைக்குப் போனது.

சரி, பிழை உண்மையிலேயே நம்மில் இருந்தால்? நனைந்த தானியத்தை அடியில் மறைத்த வியாபாரியிடம், ஆட்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். கொமெண்ட்டை அழிப்பதும் அதே மறைப்புத்தான்.

பிள்ளைகளே, அழிக்காதீர்கள். அதற்குக் கீழேயே எழுதுங்கள்: "பிழை எங்களது, மாற்றித் தருகிறோம்." சொன்னபடி மாற்றியும் கொடுங்கள். அதைப் பார்க்கிற நூறு பேர் உங்களை நம்புவார்கள். காசு கட்டிப் போடும் விளம்பரத்தில் அந்த நம்பிக்கை கிடைக்காது.