கிடங்கிலும் வரிசை வேண்டும்

லாரி வந்ததும் காலியிடம் பார்த்து மூட்டையை இறக்குவதே நம் மளிகைக் கிடங்குகள் பலவற்றில் வழக்கம். இது மாற வேண்டும். தினமும் விற்கும் அரிசி, துவரம்பருப்பு வாசலருகே மரப்பலகை மேல் இருக்கட்டும்; எப்போதாவது கேட்கும் சரக்கு பின்சுவருக்குப் போகட்டும். சுமை தூக்கும் தொழிலாளியின் வீண் நடை குறையும். தேயிலை பிற வாசனையை இழுக்கும். சோப்பு, ஊதுபத்தி அருகே வைக்கலாகாது. வந்த தேதியைச் சிப்பத்தின் மேல் எழுதிப் பழையதை முதலில் விற்க வேண்டும். தவறினால் காலாவதிச் சரக்கு தேங்கும். விற்றாலோ 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் பாயும். இடம் போதவில்லை என்பர் சிலர். சிறிய கிடங்குக்கே ஒழுங்கு அதிகம் தேவை. வாடகையும் கூலியும் ஏறும்போது, முதலில்லாத லாபம் இதுவே!