பேனாவும் லத்திதான்

போலீஸ் படம் என்றாலே எனக்கு ஆவதில்லை. விறைப்பான சட்டை, திமிர் வசனம், கடைசியில் என்கவுண்ட்டர், தியேட்டரில் விசில். சுடப்படுகிறவன் எந்தத் தெருக்காரன் என்று எவனும் கேட்பதில்லை. கேட்டால் நாமதான் சாதி பேசுறோமாம்.

அந்த நினைப்போடுதான் 'ரைட்டர்' பார்க்க உட்கார்ந்தேன். 2021 டிசம்பரில் வந்தது. ஃபிராங்க்ளின் ஜேக்கப்பின் முதல் படம், பா.ரஞ்சித்தின் நீலம் தயாரிப்பு. நம்மாளுங்க எடுத்ததாச்சே, தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தேன். எழ முடியவில்லை.

தங்கராஜ் (சமுத்திரக்கனி) ஓய்வு பெறப்போகும் ஸ்டேஷன் ரைட்டர். நல்ல மனுஷன். காவலர்களுக்குச் சங்கம் வேணும் என்று போராடுகிறவர். அனுமதியில்லாமல் காவலர் சங்கத்தில் சேரக்கூடாது என்கிறது 1966ஆம் வருஷச் சட்டம். இவரைப் பந்தாடுகிறார்கள். தேவகுமார் (ஹரி கிருஷ்ணன்) காவலர் தற்கொலைகளை ஆய்வு செய்யும் தலித் மாணவன். கேள்வி கேட்டான், தூக்கிவந்து அடைத்துவிட்டார்கள். அவனைத் தேசவிரோதியாக்க ஆயுதம் எதுவும் வேண்டாம், காகிதம் போதும். அந்தக் காகித வேலையில் இந்த நல்ல மனுஷன் கையும் இருக்கிறது.

இங்கேதான் படம் நம் சட்டையைப் பிடிக்கிறது. லத்தி உடைத்த எலும்பு கூடிவிடும். பேனா எழுதிய பொய், கோர்ட்டு கோர்ட்டாக இழுக்கும். 1999இல் கூலி உயர்வு கேட்டுப் போன 17 பேர் நெல்லையில் போலீஸ் தடியடிக்குப் பயந்து ஓடித் தாமிரபரணியில் செத்தார்கள். பெரும்பாலோர் நீரில் மூழ்கி இறந்ததாக விசாரணைக் கமிஷன் எழுதி முடித்தது. ஆற்றுக்குள் விரட்டியது யார்? காகிதம் பேசாது.

குதிரைப்படைக்கு வந்த பெண்ணுக்குச் சாதியைச் சொல்லிக் குதிரையை மறுக்கிறார்கள். அவள் ஒருநாள் ஏறி ஓட்டும் காட்சியில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

குறை இல்லாமலில்லை. தேவகுமார் படும் வதை, தங்கராஜின் மனசாட்சியைத் திறக்கும் சாவியாகவே நின்றுவிடுகிறது. அவனுடைய ஆய்வு என்ன சொன்னது, அவன் கோபம் என்ன என்று இன்னும் கேட்டிருக்கலாம். நம்ம பிள்ளைங்க அடிபட்டுத்தான் அடுத்தவனுக்குப் புத்தி வரணுமா?

ஆனாலும் இது தங்கராஜோடு முடிகிற சங்கதியில்லை. நானும் பேனா பிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். சேரியிலிருந்து கடனுக்கு வந்த மனுக்களில், மேலே இருப்பவர் சொன்னபடி 'தகுதியில்லை' என்று எழுதித் திருப்பியவை எத்தனை? எண்ணி வைக்கவில்லை.

நான் யாரையும் அடித்ததில்லை. எழுதியிருக்கிறேன்.