மோட்டார் நின்ற வீட்டில் உளூ

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரை கடந்தபின், டெல்டாவின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் நின்றால் மோட்டார் நிற்கும், மாடித்தொட்டி வறளும். கிணற்றைத் தூர்த்துவிட்ட வீட்டில் உளூச் செய்யவும் நீர் இராது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில், ஏறத்தாழ முக்கால் லிட்டரில், உளூச் செய்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்தார்கள். நாமோ குழாயைத் திறந்துவைத்தே உளூச் செய்கிறோம். அறுந்த பொத்தானுக்கும் தையற்கடையைத் தேடுகிறோம்.

நீர் இறைத்தல், விறகடுப்பு மூட்டுதல், கலங்கிய நீரை வடிகட்டிக் கொதிக்கவைத்தல், ஊசி பிடித்தல் ஆகியவற்றை ஆண்பிள்ளைகளுக்கும் கற்பிப்போம். மாதம் ஒருநாள் மோட்டாரை நிறுத்திப் பழகுவோம். முயற்சி நம்முடையது, பாதுகாப்பவன் அல்லாஹ்வே.