பழகிடுச்சு சார்!

அம்பத்தூர் ஓ.டி. பக்கம், சி.டி.எச். ரோட்டை ஒட்டிக் குடியிருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். “இந்த ஹாரன் சத்தத்தில் எப்படித் தூங்குகிறீர்கள்?” பதில் தயாராக இருக்கும். “ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருந்துச்சு. இப்ப பழகிடுச்சு சார்.” ஆவடியில் கேட்டாலும் இதே பதில். பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் இதேதான்.

பழகவில்லை. பழகியது உங்கள் காதும் மனசும்தான். உங்கள் இதயமும் ரத்தக் குழாயும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே இல்லை.

அட்ரினலினை உங்களுக்குத் தெரியும். சேஸிங் சீன் உள்ள எந்தப் படத்தின் விமர்சனத்திலும் அந்த வார்த்தை வந்துவிடும். அதற்கு ஓர் அண்ணன் உண்டு. பெயர் நார்அட்ரினலின். இந்த அண்ணனிலிருந்துதான் உடம்பு தம்பியையே தயாரிக்கிறது. இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் நரம்புகள் தகவல் அனுப்புவது இதன் மூலம்தான் என்று 1946-ல் காட்டியவர் ஸ்வீடன்காரர் உல்ஃப் வான் ஆய்லர். 1970-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

மூளைத்தண்டில் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்தில் மெல்லிசாக ஒரு நீலத் திட்டு இருக்கிறது. லத்தீனில் அதற்குப் பெயரே ‘நீல இடம்’தான். மூளையில் உள்ள மொத்த நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி. இந்த நீலத் திட்டில் இருப்பதோ சில பத்தாயிரம் மட்டும். ஆனால், மூளையின் ஏறக்குறைய எல்லாத் தெருவுக்கும் இங்கிருந்துதான் நார்அட்ரினலின் சப்ளை. இது ஒரு வாட்ச்மேன் மாதிரி. நாம் விழித்திருக்கும்போது ரோந்து சுற்றும். தூக்கத்தில் வேகம் குறையும். கனவுத் தூக்கத்தில் ஏறக்குறைய ஓய்ந்தே போகும். திடீரென்று ஒரு சத்தம் வந்தால் விசில் ஊதும். அந்த நேரத்திலேயே உடம்பெங்கும் உள்ள நரம்பு நுனிகளிலும் நார்அட்ரினலின் கொட்டும். இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்தக் குழாய் இறுகும், பி.பி. ஏறும். புலிக்காகச் செய்த ஏற்பாடு இது. இப்போது தண்ணி லாரிக்கு வேலை செய்கிறது.

இதற்கு நீங்கள் முழித்துக்கொள்ள வேண்டும் என்றுகூட அவசியமில்லை. ஏதென்ஸ், மிலான், ஸ்டாக்ஹோம், லண்டன் விமான நிலையங்களை ஒட்டி வாழும் 140 பேரின் ரத்த அழுத்தத்தை ராத்திரி முழுக்க அளந்து 2008-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆள் தூங்கிக்கொண்டேதான் இருக்கிறார். விமானச் சத்தம் வந்ததும் மேல் அளவு சராசரியாக 6 புள்ளி ஏறுகிறது. ரோட்டு வண்டிச் சத்தத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். காலையில் எழுந்து “நல்லா தூங்கினேன்” என்று சொல்பவருக்கும் இது நடந்திருக்கலாம்.

நான் பி.காம். படித்தவன். எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட். ராத்திரி ஒரு மணிக்குக் காலி ரோட்டில் ஒருத்தர் ஏர் ஹாரனை அமுக்குகிறார். அவருக்கு லாபம் இரண்டு விநாடி. ரோட்டின் இரண்டு பக்கமும் எத்தனை வீடு, எத்தனை படுக்கை? அத்தனை பேர் உடம்பிலும் நார்அட்ரினலின் செலவு எழுதப்படுகிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால் பி.பி. வரும் வாய்ப்பு கூடும். அப்புறம் டாக்டர் மாத்திரை எழுதுவார். அட்டினலால், மெட்டோபுரோலால் என்று உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறதே, அது இதயத்தில் நார்அட்ரினலின் தட்டும் கதவைத்தான் அடைக்கிறது. ராத்திரி ஒருத்தர் திறந்துவிடுவார், காலையில் நீங்கள் காசு கொடுத்து மூட வேண்டும். மெடிக்கல் ஷாப் பில் ஏன் ஹாரன்காரர் வீட்டுக்குப் போவதில்லை?

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. 2000-ம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை குடியிருப்புப் பகுதியில், அவசரம் தவிர, ஹாரனே கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொன்னது. 2010-ல் விதியிலும் சேர்த்தார்கள். ராகம் பாடும் மல்டி டோன் ஹாரனுக்கு மோட்டார் வாகன விதிகளில் தடை. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் தடவை 1,000 ரூபாய், அடுத்த தடவை 2,000 என்று 2019-ல் அபராதம் வைத்தார்கள். ஹெல்மெட்டுக்கு ரசீது வாங்கிய நண்பர்கள் உங்களுக்கு நிறைய இருப்பார்கள். ஹாரனுக்கு ரசீது வாங்கிய ஒருத்தரைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

சட்டத்திலேயே பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதற்கு ‘இரவு’ என்றால் பத்திலிருந்து ஆறு வரை. அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவருக்கு இரவு ஆரம்பிப்பதே காலை எட்டு மணிக்கு. லேத்தில் நின்றவர், கால் சென்டரில் பேசியவர், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று இந்தப் புறநகரில் பகலில் தூங்குகிறவர்கள் கொஞ்சமா நஞ்சமா? உடம்புக் கடிகாரம் ஒத்துழைக்காததால் பகல் தூக்கம் ஏற்கெனவே அரைகுறை. அதன் மேல் பஸ், வேன், ஸ்கூல் ஆட்டோ எல்லாம் ஊதுகின்றன. இவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் பாதுகாப்பு, ஜன்னல் கதவு மட்டும்தான். மே மாசத்தில் அதைச் சாத்திப் பாருங்கள், தெரியும்.

“நம்ம ஊர்ல ஹாரன் இல்லாம வண்டி ஓட்டவே முடியாது சார்” என்பார்கள். மிசோரமின் அய்சால் இந்தியாவில்தான் இருக்கிறது. மலை ரோடு, குறுகல், வண்டி நெரிசல் எல்லாம் அங்கேயும் உண்டு. ஆனாலும் வரிசையில் சத்தமில்லாமல் நிற்கிறார்கள். காத்மண்டு 2017-ல் தேவையற்ற ஹாரனுக்குத் தடை போட்டது. மும்பை போலீஸ் சில சிக்னல்களில் டெசிபல் மீட்டர் மாட்டி, சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு மறுபடி முதலிலிருந்து எண்ணும்படி செய்தது. அந்த வீடியோ 2020 தொடக்கத்தில் நாடு முழுக்கச் சுற்றியது. நீங்களும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள்.

ஆவடிக்கென்று தனி போலீஸ் கமிஷனரகம் 2022-ல் வந்துவிட்டது. அம்பத்தூர் ஓ.டி., ஆவடி செக்போஸ்ட், பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் மூன்று இடத்திலும் ஆளுக்கொரு மீட்டரும் ரசீது புத்தகமும் கொடுத்து ஒரே ஒரு மாதம் நிறுத்தட்டும். வசூலாகும் தொகையிலேயே மீட்டருக்கான காசு வந்துவிடும். இது பி.காம். கணக்கு. சரிபார்க்க விரும்புகிறவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் சி.டி.எச். ரோட்டில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணிக்கொள்ளலாம்.