ஸ்லாமெத் என்றொரு முஸ்லிம் பெயர்



இந்தோனேசியாவின் ஜாவா தீவில் பரவலாக வழங்கும் ஆண்பெயர்களுள் ஒன்று ஸ்லாமெத். குடும்பப் பெயரோ தந்தை பெயரோ சேராமல் ஒற்றைப் பெயரோடு வாழ்வது ஜாவானியரின் நெடுநாள் வழக்கம் ஆதலால், பலருக்கு இதுவே முழுப்பெயர். இப்பெயரைக் கேட்கும் நம்மவர் சிலர், "இது முஸ்லிம் பெயர்தானா?" என வினவக்கூடும்.

அது அரபுச் சொல்லே. நலம், பாதுகாப்பு எனப் பொருள்படும் 'ஸலாமத்' என்பதே ஜாவானியர் நாவில் ஸ்லாமெத் ஆயிற்று. ஸலாம், இஸ்லாம், முஸ்லிம் ஆகிய சொற்கள் பிறந்த ஸீன், லாம், மீம் என்னும் அதே வேரிலிருந்து பிறந்தது இது. பயணம் முடித்து "ஸலாமத்தாக வந்து சேர்ந்தோம்" என்று நாம் சொல்லும்போது அச்சொல்லையே ஆள்கிறோம். ஜாவாவின் இரண்டாவது உயரமான மலைக்கும் இதுவே பெயர். 3,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த அம்மலை இன்றும் உயிர்ப்புள்ள எரிமலை. அண்டை வீட்டாரை அழைத்து, துஆ ஓதி, உணவு பகிரும் நிகழ்வை 'ஸ்லாமெத்தான்' என்பர்.

பிள்ளை அடிக்கடி நோயுற்றால், சூட்டிய பெயரின் பாரத்தை அதனால் தாங்க இயலவில்லை என்று கருதி வேறு பெயர் வைப்பதும் அங்குள்ள மரபு. இந்தோனேசியாவின் முதல் அதிபர் சுகர்னோவின் இயற்பெயர் குஸ்னோ. சிறுவயதில் நோய்கள் வாட்டியதால், மகாபாரதக் கர்ணனை நினைந்து தந்தையார் புதுப்பெயர் சூட்டினார்.

இங்கே நாம் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். பிள்ளையின் நலம் நாடி நற்பொருளுள்ள பெயரிடுவது அழகிய செயல். ஆனால் நோயைத் தருவதும் நீக்குவதும் பெயரே என நம்புவது தவறு. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே. பெயர் ஒரு துஆவாகலாம், தாயத்தாகிவிடக் கூடாது.

நபி (ஸல்) அவர்கள் பெயர்களின் பொருளையே கவனித்தார்கள். மாறுசெய்பவள் எனப் பொருள்படும் 'ஆஸியா' என்ற பெயரை 'ஜமீலா' என மாற்றினார்கள். அதுவும் அரபுப் பெயரே. எனினும் பொருள் நன்றன்று. ஃபிர்அவ்னின் மனைவியார் ஆசியாவின் பெயரோ வேறு எழுத்துகளால் ஆனது. தமிழில் எழுதினால் இவ்வேறுபாடு புலப்படுவதில்லை. உமர், உஸ்மான், பிலால் (ரலி) ஆகியோரோ இஸ்லாத்திற்கு முன்பு தாங்கிய பெயர்களுடனேயே வாழ்ந்தனர்.

ஓசை அரபாக இருந்தால் போதும் என எண்ணி, பொருளறியாமல் பெயர் சூட்டும் போக்கு நம்மிடையே பெருகி வருகிறது. பெயரைத் தேர்ந்தெடுக்குமுன் அதன் எழுத்தையும் பொருளையும் ஓர் ஆலிமிடம் கேட்டறிவது நம் கடமை. பிறந்த பிள்ளைக்கு நலத்தை வேண்டி 'ஸ்லாமெத்' எனப் பெயரிட்ட ஜாவானியத் தாய்தந்தையர், தாம் என்ன கேட்கிறோம் என்பதை அறிந்தே கேட்டனர். அந்தத் தெளிவு நமக்கும் வேண்டும்.

நம் மக்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஸலாமத்தாக வாழச் செய்வானாக! ஆமீன்.