ஹப் மோட்டாருக்கு ஒரு சாண் இரும்புப் பட்டை

"மகனுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள் சும்மா நிற்கிறதே என்று, முன் சக்கரத்தில் 250 வாட் ஹப் மோட்டார் கிட் வாங்கி மாட்டினேன். வயலுக்கு உரம் ஏற்றிப்போக வசதியாக இருக்கிறது. ஆனால், கொஞ்ச நாளாக வாய்க்கால் பாலம் ஏறும்போது முன்பக்கம் 'டக்'கென்று சத்தம் வருகிறது. நட்டை இறுக்கினாலும் இரண்டு நாளில் தளர்ந்துவிடுகிறது. 'டார்க் ஆர்ம்' போடச் சொல்கிறார்கள். நம் ஊர்ப் பட்டறையில் அதைச் செய்துகொள்ள முடியுமா?"
- ஒரு வாசகர், கீழ்வேளூர்.

செய்துகொள்ளலாம். அதற்கு முன், இன்றிலிருந்து அந்த சைக்கிளில் ஏறாதீர்கள். மகனையும் ஏறவிடாதீர்கள். குலைநோய்க் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இந்தக் கடிதத்தை முதலில் எடுத்ததற்குக் காரணமே அந்த 'டக்' சத்தம்தான்.

சாதாரண சைக்கிளில் அச்சுக்கு வேலை குறைவு, பாரத்தைத் தாங்கினால் போதும். ஹப் மோட்டாரில் அப்படியில்லை. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றும்போது, அதே பலத்தோடு அச்சைப் பின்னோக்கித் திருகுகிறது. அச்சு சுற்றாமல் இருக்க அதன் இரண்டு பக்கத்தையும் தட்டையாகச் சீவியிருப்பார்கள். பெரும்பாலும் தட்டைக்குத் தட்டை 10 மி.மீ. இருக்கும். அந்தத் தட்டைப் பக்கம் போர்க்கின் காடியில் உட்கார்ந்து திருகலைத் தாங்க வேண்டும்.

ஒரு கணக்குப் பாருங்கள். பாரத்தோடு மேடு ஏறும்போது 30 நியூட்டன் மீட்டர் திருகல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1 மீட்டர் கம்பியின் நுனியில் 3 கிலோ தொங்குவதற்குச் சமம் அது. அதே திருகலை 10 மி.மீ. இடைவெளியில் தாங்க வேண்டுமென்றால், காடியின் உதட்டில் சுமார் 300 கிலோ அழுத்தம் விழும். அச்சிலிருந்து 15 செ.மீ. தள்ளிப் பிடித்தால் 20 கிலோதான். டார்க் ஆர்ம் என்பது இவ்வளவுதான். பைக்கின் பின்சக்கர டிரம் பிரேக்கில், பிரேக் பிளேட் சுற்றாமல் ஒரு தண்டு பிடித்துக்கொண்டிருக்கிறதே, அதே வேலை.

உங்கள் சைக்கிளில் அச்சு காடிக்குள் ஆடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காடியின் வாய் கொஞ்சம் பிளக்கும். ஒருநாள் அச்சு முழுச் சுற்று சுற்றி, வயரைப் பிய்த்து, நட்டைக் கழற்றி, சக்கரமே வெளியே வந்துவிடும். முன் சக்கரம் கழன்றால் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். அதனால்தான், கேட்பவர்களுக்கெல்லாம் பின்சக்கர மோட்டாரையே சொல்கிறேன்.

முதலில் சக்கரத்தைக் கழற்றிக் காடியைப் பாருங்கள். பல சைக்கிள்களில் முன் காடி 10 மி.மீ.கூட இருக்காது. மாட்டுகிறவர் அதை ராவி அகலமாக்கியிருப்பார், உதடு அங்கேயே மெலிந்துவிடும். வாய் விரிந்திருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ போர்க்கை மாற்றுங்கள். கெட்டுப்போன காடிக்கு டார்க் ஆர்ம் மருந்தாகாது. பள்ளி சைக்கிளில் இரும்பு போர்க் என்றால் நல்லது, இரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினிய போர்க்கோ, ஷாக் அப்சார்பர் வைத்த போர்க்கோ சொல்லாமல் முறியும். அதில் முன்பக்க மோட்டாரே வேண்டாம்.

இனி பட்டைக்கு வருவோம். கிரில் பட்டறையில் ஒன்றேகால் அங்குல அகலம், 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டை கிடைக்கும். ஒரு சாண் நீளம் போதும். தகரத்தில் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அச்சை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். குறுக்களவு 12 மி.மீ.யும் இருக்கும், 14 மி.மீ.யும் இருக்கும். பட்டையின் ஒரு முனையில் 9 மி.மீ. துளை போட்டு, அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவி, அச்சின் வடிவத்துக்கே கொண்டுவர வேண்டும். பொறுமை வேண்டியது இங்கேதான். சுத்தியலால் லேசாகத் தட்டினால் ஏறும்படி இறுக்கமாக இருக்க வேண்டும். கையால் ஆட்டினால் ஆடுகிற பட்டை இருந்தும் பயனில்லை. அச்சு முதலில் அந்த இடைவெளி அளவுக்குத் திரும்பி, நட்டைத் தளர்த்திவிடும்.

பல மோட்டார்களில் அச்சின் ஒரு முனை வழியாக வயர் வெளியே வரும். பட்டையை மறுபக்கத்தில் போடுங்கள். 250 வாட்டுக்கு, நல்ல இரும்பு போர்க்கில் ஒரு பக்கம் போதும். இறக்கத்தில் பேட்டரி சார்ஜ் ஆகும் வகை மோட்டார் என்றால் திருகல் இரண்டு திசையிலும் வரும். அப்போது இரண்டு பக்கமும் தேவை.

போர்க்குக்கு அடுத்துப் பட்டை, அதன்மேல் வாஷர், பிறகு நட்டு. நட்டுக்கு முழு மரை மிஞ்ச வேண்டும். பட்டையின் மறுமுனையை லேசாக வளைத்து, போர்க் குழாயின் முன்புறத்தை ஒட்டி நிறுத்தி, பம்புசெட் ஓஸுக்குப் போடும் ஸ்டீல் கிளிப் இரண்டால் இறுக்குங்கள். மோட்டார் இழுக்கும்போது பட்டை பின்னோக்கித் தள்ளும், அதாவது குழாயின் மேலேயே அமுங்கும். பின்சக்கரமென்றால் செயினை ஒட்டிப் போகும் கீழ்க்குழாயின் அடிப்பக்கம் வையுங்கள், அங்கே அது மேல்நோக்கித் தள்ளும்.

பட்டறைக்குப் போக நேரமில்லாதவர்கள் நல்ல 10 மி.மீ. ஸ்பேனரின் திறந்த வாயை அச்சில் மாட்டி, பிடியைக் கிளிப்பால் கட்டிவிடுகிறார்கள். அவசரத்துக்குச் சரி. மலிவான ஸ்பேனர் என்றால் வாய் விரிந்துவிடும். பட்டையை அச்சோடு வெல்டிங் வைப்பது மட்டும் கூடாது. அந்தச் சூடு மோட்டாரின் காந்தத்தையும் வயரையும் கெடுத்துவிடும்.

நட்டை 20 செ.மீ. ஸ்பேனரில் சுமார் 20 கிலோ அழுத்தம் வரும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதற்கு மேல் குழாய் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். இறுக்கியபின் நட்டு, அச்சு, பட்டை மூன்றையும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போடுங்கள். முதல் 10 கி.மீ. ஓடியதும், பிறகு வாரம் ஒருமுறையும் பாருங்கள். கோடு பிசகியிருந்தால் ஏதோ நகர்கிறது என்று அர்த்தம். நம் கடைமடையில் உப்புக்காற்று பட்டையைச் சீக்கிரம் தின்றுவிடும், மாட்டுவதற்கு முன்பே ரெட் ஆக்சைடு அடித்துவிடுங்கள்.

45 கிலோ யூரியா மூட்டையோடு நின்ற இடத்திலிருந்து ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகாதீர்கள். இரண்டு மிதி மிதித்து, வண்டி நகர்ந்தபின் கொடுங்கள். சில கடைகளில் 'அதே விலைக்கு 500 வாட்' என்று ஆசை காட்டுவார்கள். பதிவு, உரிமம் இல்லாமல் ஓட்டச் சட்டம் விடுவது 250 வாட்டுக்கும் 25 கி.மீ. வேகத்துக்கும் உட்பட்டதை மட்டும்தான். திருகலும் கூடும், இந்த ஒரு பட்டை அதற்குப் போதாது.

அச்சு ஏற்கெனவே ஆடியிருப்பதால், வயர் வெளியே வரும் இடத்தில் உறை நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். செம்பு தெரிந்தால், அதைச் சரிசெய்யும்வரை பேட்டரியை இணைக்க வேண்டாம்.